மூன்று முறை கேட்கும் சர்வர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் அண்ணி சாவித்திரி சொல்லுவாள், கூடவே நான் மறந்துபோன இரண்டு சம்பவங்களையும் சேர்த்துச் சொல்லுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபம் வந்தது ஒரு பட்டியலைப் பார்த்து. நாற்பத்திரண்டு பெயர்கள். அவற்றில் முப்பத்தொரு பெயர்களுக்கு எதிரே ‘வேண்டாம் என்று சொல்லிவிட்டார்’ என்று இருந்தது. தை பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, வயல் முழுக்க நெல் நிற்கிறது, அறுவடை வண்டி கிடைக்காமல் டெல்டா முழுக்க ஆட்கள் பறக்கிறார்கள். எங்கள் ஊரில் முப்பத்தொரு பேர் வீடு தேடி வந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்களுக்கு என்ன வந்தது என்று கத்தினேன். மாடியில் யாரும் இல்லாததால் கத்தியது வீணாய்ப் போனது.

நான் பிரகதீஸ்வரி. சம்பளம் வருவது சென்னையில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்திலிருந்து. உட்கார்ந்து வேலை பார்ப்பது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு மாடியறையில். என் அண்ணன் சூர்யபிரகாஷ் எட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் அண்ணியும் நானும்தான். எங்கள் ஊர் உழவர் குழுவுக்கு ஒரு சர்வர் செய்து தருகிறேன் என்று ஐப்பசியில் வாயைக் கொடுத்தேன். அன்று பிடித்த வேலை.

சர்வர் என்றவுடன் ஊரில் எல்லோரும் ஒரு பெரிய இரும்புப் பெட்டி வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ஒன்றுமில்லை. ஏ.ஐ. ஏஜென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வாய் உண்டு, காது உண்டு, கை கிடையாது. மழை வருமா என்று கேட்டால் அழகாகப் பேசும், ஆனால் தானாக எழுந்து போய் வானிலைத் தளத்தைப் பார்க்காது. அறுவடை வண்டி வேண்டும் என்றால் அனுதாபப்படும், பதிவு செய்து தராது. அதற்கும் வெளியே இணையத்தில் இருக்கும் சேவைகளுக்கும் நடுவில் நிற்பதுதான் நான் கட்டிய சர்வர். இது மழை பார்க்க, இது வண்டி பிடிக்க, இது கொள்முதல் நிலையத்தில் நாள் வாங்க என்று ஒவ்வொரு கையாக அதற்கு மாட்டிவிட வேண்டும். வாய்க்காலில் மதகு எப்படியோ அப்படி. எந்தப் பக்கம் எப்போது திறப்பது என்பதுதான் முழு வேலையும்.

ஒவ்வொரு கைக்கும் மேலே நாலைந்து வரி எழுதி வைக்க வேண்டும். ‘இதை எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது’ என்று சாதாரண மொழியில் எழுதினால் போதும். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு அதன்படி நடக்கும். அந்த நாலு வரியில் நாம் தப்பு செய்தால் அதுவும் மிகுந்த பணிவோடு தப்பு செய்யும்.

முதல் தப்பு மார்கழியில் நடந்தது. ஒரு விவசாயி தன் நிலத்தின் பயிர்க் கணக்கான அடங்கலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் பசலி 1435 என்று இருந்தது. நிலக் கணக்கில் வருடத்தை இன்றைக்கும் பசலி என்ற பழைய ஆண்டுக் கணக்கில்தான் எழுதுகிறார்கள் என்பது டெல்டாவில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வருக்குச் சொல்லிவைக்க மறந்துவிட்டேன். ஏஜென்ட் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வானிலைத் தளத்துக்குப் போய் 1435ஆம் ஆண்டு தை மாதம் மழை எப்படி என்று கேட்டிருக்கிறது. தளம் கையை விரித்துவிட்டது. ஏஜென்ட் அந்த மனிதரிடம், “மன்னிக்கவும், அந்த ஆண்டுக்கு மழை எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டது. அவர் டீக்கடைக்குப் போய், இந்த வருஷம் மழையே கிடையாதாம், கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு என்று சொல்ல, இரண்டு நாள் ஊரே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அதைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் இந்தப் பட்டியல் வேறு விவகாரம்.

உழவர் குழு வண்டி வாடகைக்கு விடும் தளத்தில் பேசி, சேற்றில் இறங்கக்கூடிய பெல்ட் வண்டிகளாக எங்கள் ஊருக்கென்று பத்து நாளைக்கு ஒதுக்கி வைத்திருந்தது. வியாழக்கிழமை ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் குரலில் செய்தி அனுப்பி, இந்த நாளில் வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றவர்களின் நாட்களை வெள்ளிக்கிழமை சாயந்திரம் தளத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. கொடுத்தவுடன் வேறு ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் நான் எழுதிவைத்தபடிதான் நடந்திருந்தது.

பட்டியலில் பதினேழாவது பெயரைப் பார்த்தபோது கோபம் போய்விட்டது. சாவித்திரி, ஒன்பது மா, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். எங்கள் சொந்த நிலம். அண்ணன் வெளிநாடு போனதிலிருந்து குத்தகைக்கு விட்டிருந்தோம். போன வருடம் குத்தகைக்காரர் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அடுத்தவரைத் தேடலாம் என்று அண்ணன் சொன்னபோது, நானே வைக்கிறேன் என்று அண்ணி சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் நர்சரிப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவள், வரப்பில் நடந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொள்பவள். அண்ணன் சிரித்துவிட்டு, சரி, ஒரு போகம் வச்சுப் பாரு, சரிப்படலன்னா சித்திரையில குத்தகைக்கு விட்டுடலாம் என்றான். அந்த ஒரு போகத்துக்காக அவள் ஐந்து மாதம் அந்த வயலோடு மல்லுக்கட்டினாள். கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் நின்றபோது மண்வெட்டியோடு அவளே இறங்கி வாய்க்காலை வெட்டிவிட்டாள். இப்போது பயிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது.

வானிலையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கனமழை. முற்றிய நெல் மழையில் சாய்ந்தால் நின்ற இடத்திலேயே முளைவிட்டுவிடும். அதற்கப்புறம் அண்ணி எதுவும் பேச முடியாது. நிலம் குத்தகைக்குப் போய்விடும்.

கீழே இறங்கி ஓடினேன். அண்ணி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, வியாழக்கிழமை வண்டி வேணுமான்னு கேட்டதுக்கு வேணாம்னு சொன்னீங்களா?”

“ஆமா. பாவம், அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா கேட்டுச்சு.” ஏஜென்டுக்குப் பெண் குரல் வைத்திருந்தேன், அதனால் ஊரில் எல்லோருக்கும் அது அந்தப் பொண்ணு. “இருக்கட்டும்மா, பெரியவங்களுக்கெல்லாம் முதல்ல பாருங்கன்னு சொன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பின்ன? கேட்ட உடனே ஆமான்னா சொல்லுவாங்க? அலையறேன்னு நினைக்காதா? திரும்பக் கேக்கும்னு பார்த்தேன். கேக்கவே இல்ல. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு.”

அவள் கையில் ஈரத் துணி இருந்தது, என் கையில் செவ்வாய்க்கிழமை மழை இருந்தது. சொன்னேன். அண்ணி துணியை உதறாமல் அப்படியே கொடியில் போட்டாள். “எல்லாரும் வேணாம்னாங்களா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் உள்ளே போய்விட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாடிக்கு வந்து ஹாஃபிஸாவை வீடியோவில் கூப்பிட்டேன். என்னோடு அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், கூத்தாநல்லூர்க்காரி. சர்வரில் வண்டி பிடிக்கும் பகுதி முழுக்க அவள் எழுதியது. வீட்டில் விருந்தாளிகள் போல, பின்னால் ஒரே சத்தம். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“சிரிக்காத. எங்க அண்ணி பயிர் போகப்போகுது.”

“அதுக்குச் சிரிக்கலடி. இப்பதான் எங்க மாமா தட்டுல ரெண்டாவது தடவை பிரியாணி வைக்கப் போனேன். வேணாம் வேணாம்னு கையால தட்டை மூடறாரு. நான் பாத்திரத்தை எடுத்துட்டு நகர்ந்திருந்தா அவரு ஒரு வருஷத்துக்கு எங்க வீட்டுப் பக்கம் வர மாட்டாரு. நாம எழுதின பொண்ணு பாத்திரத்தை எடுத்துட்டுப் போயிடுச்சு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே இருக்கும் ஒரு தளம் பதில் சொல்லவில்லையென்றால் எங்கள் சர்வர் உடனே விட்டுவிடாது. சற்றுப் பொறுத்து மறுபடி தட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொரு முறை. மொத்தம் மூன்று முறை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் இது. கேட்டவுடன் கிடைக்கவில்லை என்று திரும்பி வருகிற சர்வரை யாரும் மதிக்க மாட்டார்கள். மெஷினிடம் மூன்று தடவை கெஞ்ச வைத்திருந்த நான், மனிதர்களிடம் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று எழுதிவைத்திருந்தேன். அதுவும் எங்கள் ஊர் மனிதர்களிடம்.

உடனே உட்கார்ந்து, மனிதர்களிடம் கேள்வி கேட்கும் கருவிக்கு மேலே இருந்த வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

‘இந்த ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது வேண்டாம், நீ மனசாரத்தான் கேட்கிறாயா என்று பார்ப்பதற்காகச் சொல்வது. மூன்றாவது முறை சொல்வதுதான் பதில். ஒவ்வொருவரிடமும் மூன்று முறை கேள். ஒரே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாதே. நடுவில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கொடு.’

ஹாஃபிஸா கீழே ஒரு வரி சேர்த்தாள். ‘சிரித்த முகமாகக் கேள்.’ முகம் எங்கேடி இருக்கிறது அதற்கு என்று கேட்டேன். அது புரிந்துகொள்ளும் என்றாள்.

கேட்பது இருக்கட்டும், கொடுக்க வண்டி வேண்டுமே. வேண்டாம் என்ற முப்பத்தொரு பேரில் பெரும்பாலானவர்கள் வைத்திருந்தது பொன்மணி நெல். அது நீண்ட நாள் பயிர், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பச்சையாக நின்று மழையைத் தாங்கும். உடனே அறுக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் வெள்ளிக்கிழமையே வெளியே சொல்லி வண்டி பிடித்துவிட்டார்கள். மீதி இருந்தது அண்ணி ஒருத்திதான்.

திங்கட்கிழமைக்கு ஊரில் பாக்கி இருந்தது ஒரே வண்டி. அது கண்ணுசாமிக்கு எழுதியிருந்தது. அவருடையதும் பொன்மணிதான்.

கண்ணுசாமி என்றால் எங்கள் ஊரில் முகத்தைச் சுளிப்பார்கள். மரியாதை தெரியாத மனுஷன் என்பார்கள். காபி சாப்பிடறீங்களா என்று வாய் வார்த்தைக்குக் கேட்டால், சர்க்கரை கம்மியா என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். சாப்பிட்டுப் போங்க என்றால் கை கழுவ எங்கே என்பார். அதே போல வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டார். வியாழக்கிழமை ஏஜென்ட் கேட்டபோது முதல் ஆளாக, ஒரு வார்த்தையில், வேணும் என்று சொன்னவர் அவர்தான். பச்சைப் பயிரை வைத்துக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார் பார், ஆசை பிடித்த மனுஷன் என்று நானும் அன்றைக்குத் திட்டினேன்.

“அவர்கிட்ட கேட்டா கொடுக்க மாட்டாரு” என்றேன்.

“கேட்டுப் பாக்கட்டும். மூணு சான்ஸ் இருக்கே” என்றாள் ஹாஃபிஸா.

முதலில் கண்ணுசாமியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அண்ணியிடம் கேட்கும்படி ஏஜென்டிடம் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம் கழித்துத் திரையில் வந்தது: கண்ணுசாமி சம்மதித்துவிட்டார். என்ன பேசினார், எப்படிச் சம்மதித்தார் என்று பார்க்கக்கூட நேரமில்லை. கீழே கொல்லையில் அண்ணியின் போன் அடித்துவிட்டது.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கொல்லை முழுக்கத் தெரியும். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லின் மேல் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம் அம்மா. நாளைக்குக் காலை உங்கள் வயலுக்கு ஒரு வண்டி இருக்கிறது. அனுப்பட்டுமா?”

அண்ணி நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடியே மூடிக்கொண்டாள்.

“யார் வண்டிம்மா அது?”

“கண்ணுசாமி ஐயாவுக்குப் பதிவானது. அவர் உங்களுக்குக் கொடுக்கிறார்.”

“ஐயோ, வேணாம்மா. அது அவருக்கு வந்தது. அவரு வயல் முதல்ல ஆகட்டும்.”

நான் எழுந்துவிட்டேன். லேப்டாப்பிலிருந்து ஹாஃபிஸா, “கீழ போகாதடி. நீ போயி கத்தினா அவங்க இன்னும் ரெண்டு தடவை சேர்த்து வேணாம்பாங்க” என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி போன்.

“அம்மா, அவருடைய பொன்மணி அறுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உங்கள் பயிர் முற்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை மழை வருகிறது. அதனால்தான் கேட்கிறேன்.”

“தெரியும்மா. எனக்குத் தெரியாதா?” அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “அவரு மனசுல ஒண்ணு இருக்கும், வாய்ல ஒண்ணு வந்திருக்கும். நீ கேட்டதுக்காகச் சொல்லியிருப்பாரு. நாளைக்கு அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது? வேணாம்.”

இதற்கப்புறம் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. நானே எழுதிவைத்த கணக்கு. மூன்றாவதும் வேண்டாம் என்றால் ஏஜென்ட் விட்டுவிடும், வண்டி நாளைக்குக் கண்ணுசாமியின் பச்சைப் பயிரின் முன்னால் போய் நிற்கும். அந்த இரண்டு நிமிடம் நான் வேண்டாத சாமி இல்லை. ஹாஃபிஸாவும் வாய்க்குள்ளேயே என்னவோ முணுமுணுத்தாள். அண்ணி கீழே ஒரே கரண்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

“அம்மா, கண்ணுசாமி ஐயாவிடம் நான் ஒரு முறை கேட்டுவிட்டு வரவில்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னார்.”

“மூணு தடவையுமா?”

“ஆமாம் அம்மா. மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.”

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். எங்கள் ஊரில் மூன்றாவது முறையும் ஒருவர் சரி என்றால் அதற்கு மேல் சந்தேகப்பட இடமில்லை.

“அப்ப சரி” என்றாள். “அனுப்பு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வருகிற அழுகை என்று எல்லோரும் சொல்வதை நான் நம்பியதில்லை, அன்றைக்கு நம்பினேன். ஹாஃபிஸா அங்கே கை தட்டினாள். அவள் மாமா எட்டிப் பார்த்து, என்னம்மா, கல்யாணம் நிச்சயமாயிடுச்சா என்று கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணுசாமியிடம் நடந்த பேச்சைத் திறந்து பார்த்தேன். முதல் கேள்விக்கு அவர் பதில்: சரி. இரண்டாவது கேள்விக்கு: சரின்னுதானே சொன்னேன். மூன்றாவதுக்கு: குடுத்தேன், குடுத்தேன், குடுத்தேன், போதுமா.

தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று முறை கேள் என்று எழுதிய அவசரத்தில், சரி என்று சொல்லிவிட்டால் நிறுத்திக்கொள் என்று எழுத மறந்திருக்கிறேன். என் தப்பு அது. அந்தத் தப்பு இல்லாமல் அண்ணி சம்மதித்திருக்க மாட்டாள் என்பதும் உண்மை. அதை யோசித்து முடிப்பதற்குள் வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

“எங்க அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு?”

கண்ணுசாமி. இறங்கிப் போய், வாங்க பெரியப்பா, உட்காருங்க என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா பிரகதி, உன் பொண்ணுக்குக் காது கேக்காதா? ஒருத்தன் சரின்னு சொன்னா சரிதானே? என்னமோ நான் பொய் சொல்ற மாதிரி மூணு தடவை கேக்குது.”

“தப்பு என்னோடது பெரியப்பா. மாத்திடறேன்.”

“மாத்து. வியாழக்கிழமையும் அப்படித்தான். வண்டி வேணுமான்னு கேட்டுச்சு, வேணும்னேன். உங்க பயிர் பச்சையா இருக்கே, பக்கத்து வயலு முத்திப்போச்சே, அவங்களுக்குக் குடுக்கலாமான்னு கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். கேட்டாத்தானே சொல்ல முடியும்?”

அண்ணி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவர் அவளைப் பார்த்து, “ஏம்மா, நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார்.

“எப்படிக் கேக்கறதுண்ணே?”

“வாயாலதான்” என்றார் கண்ணுசாமி.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “சரி, வண்டி குடுத்தாச்சு. வண்டி எப்படி உள்ள போகும்? உங்க வயலு என் வயலுக்குப் பின்னால இருக்கு. நடுவுல என் பயிர் நிக்குது. பறந்தா போகும்? அதை உன் பொண்ணு கேக்கவே இல்லையே.”

எனக்கு முகம் செத்துவிட்டது. நான் மழையைக் கேட்டேன், வண்டியைக் கேட்டேன், கொள்முதல் நிலையத்தில் நாள்கூடக் கேட்டு வைத்தேன். வழியைக் கேட்கவில்லை. பாதையில்லாத உள்வயலுக்கு வண்டி போக வேண்டுமென்றால் முன்வயல்காரர் வழி விட வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது ஞாபகம் வரவில்லை. எந்தத் தளத்திலும் இல்லாத தகவல் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து வயலைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

“பெரியப்பா, வழி…” என்று ஆரம்பித்தேன்.

“என் சம்சாரம் அரிவாளோட இறங்கிட்டா. வண்டி அகலத்துக்கு ஓரமா அறுத்து விடறோம். பொழுது சாயறதுக்குள்ள ஆயிடும்.” எழுந்தார். “காபி போடறதா இருந்தா போடு. சர்க்கரை கம்மியா.”

அண்ணி காபி போட ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

அன்று சாயந்திரம் நானும் அண்ணியும் அரிவாளோடு போனோம். கண்ணுசாமியின் மனைவி அம்சம் நாங்கள் வருவதற்குள் முக்கால்வாசி அறுத்து முடித்திருந்தாள். அவளும் சுற்றி வளைத்துப் பேசாத ஆள். நான் அறுத்த நாலு கைப்பிடியைப் பார்த்துவிட்டு, நீ வரப்புல நில்லும்மா என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. கண்ணுசாமி விட்ட வழியில் பெல்ட் உருண்டு உள்ளே போய், எங்கள் ஒன்பது மாவின் முதல் மூலையில் வாயை வைத்தபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது. கொக்குகள் வண்டிக்குப் பின்னாலேயே வரிசை போட்டு நடந்தன. டிராக்டர் பெட்டியில் நெல் கொட்டுகிற சத்தம் கேட்கட்டும் என்று ஹாஃபிஸாவை வீடியோவில் கூப்பிட்டேன். சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள், நாம எழுதினதுல முதல் தடவையா எடை உள்ள ஒரு பொருள் வருதுடி என்றாள்.

மத்தியானம் அம்சம் எல்லோருக்கும் சோறு கொண்டுவந்தாள். நாகப்பட்டினத்து மீன், புளி தூக்கலாகக் குழம்பு. வாசனை வரப்பு முழுக்க அடித்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. வண்டி ஓட்டுபவருக்கு வைத்தாள், கண்ணுசாமிக்கு வைத்தாள், அண்ணிக்கு வைத்தாள். என்னிடம் வந்து, “சாப்பிடறியாம்மா?” என்றாள்.

“இருக்கட்டும் பெரியம்மா, வேணாம்” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். மீன் குழம்பில் கையை வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. ஊருக்கெல்லாம் மூன்று முறை கேட்கச் சொல்லி எழுதிவைத்தவள் நான். என்னிடம் இரண்டாவது முறை கேட்க ஆள் இல்லை. ஒரு நிமிடம் ரோஷத்தோடு நின்று பார்த்தேன். பசி ஜெயித்தது.

“பெரியம்மா” என்று கூப்பிட்டேன். “எனக்கு வேணும். பசிக்குது.”

“இதை அப்பவே சொல்றதுக்கு என்ன?” என்று சொல்லிக்கொண்டே வந்து இரண்டு துண்டு வைத்தாள்.

மூன்று மணிக்கு வயல் முடிந்தது. மூட்டைகளை எங்கள் வீட்டுக் கூடத்தில் அடுக்கினோம். கொள்முதல் நிலையத்தில் வியாழக்கிழமைக்கு நாள் கிடைத்திருந்தது. அன்று இரவு நடப்பதற்கே இடமில்லாமல் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தோம். வீடு முழுக்கப் புது நெல் வாசனை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வந்துவிட்டது. கண்ணுசாமியின் பயிர் மழையில் நிமிர்ந்து நிற்கிறதா என்று காலையிலேயே குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், நின்றது. அதைப் பார்க்காமல் எனக்குக் காபி இறங்கியிருக்காது.

அண்ணன் வீடியோவில் வந்தான். அண்ணி போனைத் திருப்பி மூட்டைகளைக் காட்டினாள். அவன் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

“பெரிய ஆளுதான் நீ” என்றான். “சரி, ஆசைக்கு ஒரு போகம் வச்சாச்சு. இனிமே எதுக்கு உனக்குச் சிரமம்? சித்திரையில குத்தகைக்கு விட்டுடலாமா?”

அண்ணி பதில் சொல்வதற்குள் என் போனிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அண்ணன் பேசும்போது குறுக்கே வர வேண்டாம் என்று அண்ணிக்கு வரும் ஏஜென்டின் செய்திகளை என் போனுக்கு மாற்றி வைத்திருந்தேன். சம்பா முடிந்தவர்களிடமெல்லாம் அது அன்று காலை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

“வணக்கம் அம்மா. அறுவடை நல்லபடியாக முடிந்ததற்கு வாழ்த்துகள். அடுத்து வரும் குறுவை சாகுபடிக்கும் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா?”

வாசலில் மழை. அண்ணி ஒரு கையில் அண்ணன் முகத்தை வைத்துக்கொண்டு, என் போனின் பக்கம் குனிந்தாள். வழக்கமான ‘இருக்கட்டும்மா’ வரும் என்று நான் காத்திருந்தேன்.

“போட்டுக்க” என்றாள்.

இரண்டாவது முறை கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. நன்றி அம்மா என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே அதைச் சரிசெய்துவிட்டிருந்தேன்.

“என்ன அது? யார்கிட்ட பேசற? எதைப் போட்டுக்க?” என்று அண்ணன் கேட்டான். “அவசரப்படாத சாவித்திரி, யோசிச்சு அப்புறமா சொல்லு.”

“சொல்லியாச்சு” என்றாள் அண்ணி. “நான் இப்பல்லாம் கண்ணுசாமி அண்ணன் மாதிரி. ஒரு தடவைதான்.”